நீர்க்குச்சிக்கு எத்தனை வால்?

ஜனவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான் சுகம், அப்பா அவருக்கு வாய்த்த சுகத்தில் சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? சேற்றில் நின்று நின்று காலில் வந்த புண் ஆறிவிட்டதா?

நீ அனுப்பிய பாட்டில் உடையாமல் வந்து சேர்ந்தது. தபால்காரர் மாடியேறி வந்து, "உள்ள என்னமோ குலுங்குதும்மா, மருந்தா?" என்றார். பூச்சி என்றேன். பாட்டிலை என் கையில் திணித்துவிட்டு வேகமாக இறங்கிப் போய்விட்டார். முன்பு நீ அனுப்பிய நத்தை, நீர்வண்டு எல்லாவற்றையும்விட இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு விரல் நீளம், ஈர்க்குச்சி கனம், முன்னால் கும்பிடுவதுபோல மடங்கிய இரண்டு கை. சின்ன வயதில் உன்னைக் 'குச்சி' என்று கூப்பிட்டு எத்தனை கிள்ளு வாங்கியிருப்பேன். இப்போது நீர்க்குச்சி என்று உனக்கு ஒரு பங்காளியே கிடைத்துவிட்டான்.

அப்பாவுக்கு இடது பக்கம் இன்னும் அசையவில்லை. வாயில் மிச்சமிருப்பது 'ரைட்' என்ற ஒரே சொல்தான். முப்பது வருடம் பஸ் ஓட்டியவருக்கு, பின்னாலிருந்து கண்டக்டர் சொன்னது மட்டும் நிலைத்துவிட்டது. பசித்தாலும் ரைட், வலித்தாலும் ரைட். சக்கர நாற்காலியை வராந்தாவுக்குத் தள்ளினால் வலது காலால் பிரேக் போடுகிறார். அதற்கு மேல் எங்கே தள்ளுவது? முப்பத்தெட்டு படி. அவர் தெருவைத் தொட்டு ஒன்றரை வருடமாகிறது. நானும் சேர்ந்தாற்போல ஒரு மணி நேரத்துக்கு மேல் கீழே இருந்ததில்லை. பள்ளிக்கூடச் சுவரில் மாட்டுகிற சார்ட்டுகளை வீட்டிலேயே உட்கார்ந்து வரைகிற வேலை என்பதால் பிழைத்தேன். நேற்றோடு நான் வரைந்த தவளைகள் நானூறு.

சமையலறை அலமாரிக் கதவின் உட்பக்கம் நாம் ஒட்டிய காலண்டர் தாள் அப்படியே இருக்கிறது. 'முதல் இரண்டு வருடம் தம்பி, அடுத்த இரண்டு வருடம் அக்கா.' கீழே இரண்டு கையெழுத்து. நீர்ப்பூச்சி ஆராய்ச்சி நிலையத்தில் பூச்சி பிடித்து வரைகிற அந்த வேலைக்கான விளம்பரத்தை முதலில் பார்த்தவள் நான். மனு எழுதி வைத்திருந்த வாரம்தான் அப்பா விழுந்தார். "நான் முதல்ல போறேன்க்கா. அப்பாவுக்கு உன் கைதான் பழக்கம். ரெண்டு வருஷம் கழிச்சு நீ வா, மேடம்கிட்ட நான் சொல்லி வச்சிடறேன்" என்று நீதான் சொன்னாய். ஜூலை ஒன்றாம் தேதி என் முறை. மேடத்திடம் சொல்லிவிட்டாயா? அதை மட்டும் எழுது. பெட்டி வாங்க வேண்டும்.

இப்படிக்கு உன் அக்கா

*

ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. காலில் அந்தப் புண் ஆறிவிட்டது, அதற்குத் துணையாகப் பக்கத்தில் இன்னொன்று வந்திருக்கிறது. உன் உடம்பையும் அப்பா உடம்பையும் பார்த்துக்கொள்.

பங்காளியைப் பற்றிச் சொல்கிறேன். அவன் தலைகீழாக வாழ்கிறவன். தலை கீழே, வால் மேலே. வால் என்று நாம் நினைப்பது உண்மையில் மூச்சுக்குழல். அதன் நுனி மட்டும் தண்ணீரின் மேல் மட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும், உடம்பெல்லாம் உள்ளே. செத்த நாணல் தண்டோடு தண்டாக மணிக்கணக்கில் அசையமாட்டான். தலைப்பிரட்டை ஏதாவது பக்கத்தில் வந்தால் அந்தக் கும்பிட்ட கை பாய்வது நம் கண்ணுக்குத் தெரியாது. பிடிபட்ட பிறகு பார்த்தால்தான் பிடித்தான் என்று தெரியும். கையில் எடுத்தால் விறைத்துப்போய்ச் செத்ததாக நடிப்பான். நான் மூன்று தடவை நம்பி ஏமாந்தேன். மேடம் விழுந்து விழுந்து சிரித்தார்.

என் இடம் எப்படி என்று உனக்கு எழுதியதே இல்லை. தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. சுவரோரம் பதினோரு கண்ணாடித் தொட்டி. காற்று ஊதும் மோட்டார் ஓயாமல் முனகும். அதன் நடுவில் என் கட்டில். காலையில் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு குளம், வாய்க்கால், பள்ளம் என்று இறங்கினால் மத்தியானம்தான் கரை.

இவனை நன்றாகப் பெரிதாக வரைந்து அனுப்பு. மூச்சுக்குழல் ஒற்றை மயிரிழைபோல இருக்கும், அப்படியே போடு. இன்னொன்று, வழக்கமாகக் கையெழுத்து மாதிரி வலது மூலையில் ஒரு எறும்பு போடுவாயே, அது வேண்டாம். தாள் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது இங்கே ஒரு ஒழுங்கு.

ஈரக் கையோடு எழுதுகிறேன். மை பரவியிருந்தால் பொறுத்துக்கொள்.

அன்புத் தம்பி

*

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். சுகத்தை விசாரித்ததற்குச் சந்தோஷம். நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். பூச்சி இருக்கிறது, புண் இருக்கிறது, மோட்டார்கூட இருக்கிறது. ஜூலையைக் காணோம்.

படம் வைத்திருக்கிறேன். சாப்பாட்டு மேசையில் பாட்டிலை வைத்து நாலு நாள் வரைந்தேன். அப்பா எதிரில் உட்கார்ந்து பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. யார் முதலில் அசைவது என்று போட்டியோ என்னவோ.

ஒரு சந்தேகம். பாட்டிலில் இருப்பவனுக்கு வால் இரண்டு. கத்தரிக்கோல் திறந்த மாதிரி விரிந்து நிற்கிறது. நீ ஒற்றை என்று எழுதியிருக்கிறாய். நீ உயிரோடு பார்க்கிறவன், நான் பாட்டிலில் பார்க்கிறவள். உன்னை நம்பி ஒட்டி வரைந்துவிட்டேன். எறும்பையும் விட்டுவிட்டேன். பள்ளிக்கூட நாளிலிருந்து போட்ட எறும்பு, போடாமல் விட்டதும் விரல் என்னவோ செய்தது.

ஜூலை என்னாயிற்று?

உன் அக்கா

*

மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. இங்கே வேலை அதிகம். உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பாவுக்குப் புது மாத்திரை ஒத்துக்கொள்கிறதா?

நீ ஒட்டி வரைந்ததுதான் சரி. அது இரண்டு அரைக்குழாய். உயிரோடு இருக்கும்வரை இரண்டையும் சேர்த்து வைத்து ஒரே குழாயாக மூச்சு விடுவான். செத்து ஸ்பிரிட்டில் போட்டால் பிடி விட்டுப் பிரிந்துவிடும். நிறமும் போய்விடும். இன்னொரு அதிசயம் கேள். அவனுக்கு இறக்கை உண்டு. குளம் வற்றினால் தண்டு வழியே மேலே ஏறி, வெயிலில் உடம்பைக் காயவைத்து, பறந்து அடுத்த குளத்துக்குப் போய்விடுவான். அதுவரை தண்ணீருக்குள் சிறை இருக்கிறவன் மாதிரி இருக்கிறானே, அதெல்லாம் சும்மா.

உன் படத்தை மேடம் லென்ஸ் வைத்துப் பத்து நிமிடம் பார்த்தார். "இது உயிரோட இருக்கு" என்றார். அவர் அப்படிச் சொல்வது அபூர்வம். முட்டை, சின்னக் குஞ்சு, பெரிய குஞ்சு, வளர்ந்த பெண் பூச்சி என்று இன்னும் நாலு படம் வேண்டும். பாட்டில்கள் தனியாக வருகின்றன. முட்டையில் இரண்டு மயிர் நீட்டிக்கொண்டிருக்கும், கவனித்துப் போடு.

ஜூலை விஷயம் நேரில் பேசிக்கொள்வோம்.

அன்புத் தம்பி

*

மார்ச் 30

அன்புள்ள தம்பிக்கு,

அப்பாவுக்கு மாத்திரை ஒத்துக்கொண்டது. எனக்கு உன் கடிதம்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

நேரில் என்றால் எப்போது? ஒன்றே முக்கால் வருடத்தில் நீ வந்தது ஒரே தடவை, அதுவும் இரண்டு நாள். பட்டும் படாமலும் பேசுவதில் நீ கெட்டிக்காரன். இருந்தாலும் காலண்டர் தாளில் நீ போட்ட கையெழுத்து தெளிவாகத்தான் இருக்கிறது.

நான் என் பக்கத்து வேலைகளை முடித்துவிட்டேன். சார்ட் கடைக்காரரிடம் ஜூனோடு நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். "தவளை போட உங்கள மாதிரி யாரும்மா இருக்கா?" என்று வருத்தப்பட்டார். அடுத்த வாரமே வேறு ஆளைப் பிடித்துவிட்டார். தவளைக்கு என்ன, யார் போட்டாலும் தவளைதான். கீழ் வீட்டு அக்கா, நீ வந்ததும் முதல் மாதம் சமையலுக்குக் கைகொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அப்பாவை எப்படிப் புரட்டுவது, எந்தப் பக்கம் தலையணை, எந்த மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் உனக்காகப் படம் போட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். பெட்டியும் வாங்கிவிட்டேன். கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. அப்பா அதைப் பார்க்கும்போதெல்லாம் ரைட் என்கிறார். எதற்கும் ரைட் என்கிறவர்தான், இருந்தாலும் கேட்க நன்றாக இருக்கிறது.

எனக்கு முப்பத்தாறு வயது. உயிரோடு இருக்கிற ஒன்றைப் பார்த்து வரைய வேண்டும் தம்பி. இதுவரை நான் வரைந்ததெல்லாம் வேறு படத்தைப் பார்த்துப் போட்ட படமும், பாட்டிலில் செத்ததும்தான். இந்த நாலு சுவருக்குள் இதற்கு மேல் என்னால் முடியாது. அழுது எழுதவில்லை, உள்ளதை எழுதுகிறேன்.

நாலு படமும் இதோடு வருகின்றன.

உன் அக்கா

*

மே 4

தம்பிக்கு,

நலமா? படங்கள் கிடைத்தனவா என்றுகூட ஒரு வரி இல்லை. கிணற்றில் போட்ட கல் மாதிரி இருக்கிறாய். காய்ச்சல் எதுவும் இல்லையே? அதை மட்டுமாவது எழுது.

அக்கா

*

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சல் இல்லை. படங்கள் வந்தன, ஒரு கசங்கல்கூட இல்லை. எழுதாமல் இருந்ததற்கு என்னைத் திட்டு, நீ திட்டினால் எனக்கு நல்லது. அப்பாவை விசாரித்ததாகச் சொல்.

அக்கா, இதை எப்படி எழுதுவது என்று ஒரு மாதமாக யோசித்தேன். நீர்க்குச்சிகளைப் பற்றி மேடம் ஒரு புத்தகம் போடுகிறார். நாற்பது படம். தொடங்கினது எந்தக் கையோ முடிப்பதும் அதே கையாக இருக்க வேண்டும், நடுவில் ஆள் மாறக் கூடாது என்கிறார். அதனால்தான் நான் இப்போது இங்கிருந்து நகர முடியாமல் இருக்கிறது. என் வேலையை இன்னும் ஒரு வருடம் நீட்டித்துவிட்டார்கள். ஒரே ஒரு வருடம்தான். அதற்குப் பிறகு கட்டாயம் உன் முறை. கிட்டத்தட்ட இரண்டு வருடம் பொறுத்தவள் நீ.

புத்தகத்தின் முதல் பக்கத்துக்குப் பெரிய படம் ஒன்று வேண்டும். இதுவரை நீ போட்டதிலேயே சிறந்ததாக இருக்க வேண்டும். பாட்டிலும் தாளும் அனுப்பியிருக்கிறேன். ஜூன் பத்துக்குள் வந்தால் நேராக அச்சுக்குக் கொடுத்துவிடலாம்.

கோபித்துக்கொள்ளாதே அக்கா.

தம்பி

*

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். அப்பா நலம். கீழ் வீட்டு அக்காவும் நலம், உன்னை விசாரித்தார். இங்கே இரண்டு நாள் நல்ல மழை. உன் காலைப் பார்த்துக்கொள்.

நீ கேட்ட பெரிய படம் இதோடு வருகிறது. பதினோரு நாள் ஆனது. பாட்டிலைக் கண்முன்னால் வைத்து, லென்ஸில் தெரிந்ததைத் தெரிந்தபடி வரைந்திருக்கிறேன். ஒரே கை வேண்டும் என்று எழுதியிருந்தாய். அதே கைதான் இதையும் வரைந்தது. எறும்பு போடவில்லை.

பெட்டியை அலமாரி மேல் ஏற்றிவிட்டேன். அப்பாவுக்குப் பசி எடுத்துவிட்டது, பிறகு எழுதுகிறேன்.

அக்கா

*

ஜூன் 17

மதிப்பிற்குரிய சகோதரிக்கு,

வணக்கம். உங்களுக்கு என்னைத் தெரிந்திருக்கும், எனக்குத்தான் போன வாரம்வரை உங்களைத் தெரியாது. உங்கள் தம்பி வேலை பார்க்கும் நிலையத்தில் நீர்ப்பூச்சிகளை ஆராய்கிறவள் நான். நீங்களும் தந்தையாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

புத்தகத்தின் முதல் படம் தபாலில் வந்த மறுநாள் என் மேசைக்கு வந்தது. முன்கையின் முள்வரிசை, காலின் மெல்லிய மயிர் எல்லாம் அவ்வளவு துல்லியம். ஆனால் மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிந்து நின்றது. இரண்டு வருடமாகத் தினம் குளத்தில் இறங்கி உயிருள்ள பூச்சியைப் பார்க்கிற எவரும் அப்படி வரையமாட்டார்கள். அது பாட்டிலில் செத்ததை மட்டும் பார்த்த கண். பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். முதல் வருடத் தாள்களில் வலது கீழ் மூலை கத்தரித்திருந்தது. கேட்டபோதெல்லாம் பூச்சி அரித்துவிட்டதாக உங்கள் தம்பி சொல்லியிருக்கிறார். பூச்சி அவ்வளவு நேர்க்கோட்டில் அரிப்பதில்லை.

அவரைக் கூப்பிட்டு, "இதை யார் வரைஞ்சது?" என்று கேட்டேன். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். உங்களைப் பற்றி, தந்தையாரைப் பற்றி, காலண்டர் தாளில் போட்ட கையெழுத்து பற்றி. இரண்டு வருடம் கழித்து அக்கா வருவார் என்று அவர் என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் முதல் வருடமே உங்களை வரச் சொல்லியிருப்பேன்.

நீட்டிப்பு உத்தரவை ரத்து செய்துவிட்டேன். அவருடைய இரண்டு வருடம் இந்த மாதத்தோடு முடிகிறது. ஜூலை ஒன்று முதல் அந்த வேலை உங்களுக்கு, நீங்கள் விரும்பினால். புத்தகத்தில் உங்கள் பெயர் வரும். கத்தரித்த மூலைகளில் என்ன இருந்தது என்று தெரிந்தால் அதையும் திரும்பப் போட்டுவிடலாம்.

உங்கள் முடிவை எழுதுங்கள். தந்தையாருக்கு என் வணக்கம்.

*

ஜூன் 18

அக்காவுக்கு,

மேடம் எழுதியது உனக்குக் கிடைத்திருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். நான் சொல்ல வேண்டியதை நானே சொல்கிறேன்.

முதல் வருடம் என் படத்தைப் பார்த்து மேடம், "இது பூச்சியா, கோணி ஊசியா?" என்று கேட்டார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். மறுவாரம் நீ அனுப்பிய நத்தைப் படத்தை மேசையில் வைத்தேன். யார் வரைந்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எறும்பைக் கத்தரித்திருந்தேன். அவ்வளவுதான் ஆரம்பம். அதற்கப்புறம் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு படி உள்ளே போனேன். நீ வந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். நான் அங்கே வந்தாலும் படம் நின்றுபோய்த் தெரிந்துவிடும். ஜூலை என்று நீ எழுதும்போதெல்லாம் பூச்சியைப் பற்றி எழுதி மழுப்பினேன். உன்னை அங்கே பூட்டி வைத்துவிட்டு நான் இங்கே பூட்டிக்கொண்டு கிடந்தேன்.

மன்னிக்கச் சொல்ல வாய் வரவில்லை. இருபத்தெட்டாம் தேதி காலை வருகிறேன். அந்த நோட்டை எடுத்து வை.

தம்பி

*

ஆகஸ்ட் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறாயா? சேற்றில் இறங்கும்போது பூட்ஸுக்குள் தடித்த உறை போட்டுக்கொள், இல்லாவிட்டால் புண் வரும். அப்பா நலம். எனக்கு முதுகு வலி.

நீ இருந்த அந்த மூன்று நாளும் மாத்திரையையும் தலையணையையும் தவிர நாம் வேறு எதுவும் பேசவில்லை. உன் நோட்டு இல்லாவிட்டால் நான் தொலைந்திருப்பேன். 'தம்பி, இந்த இடத்தில் அவசரப்படாதே' என்று பன்னிரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். அதே இடத்தில் அவசரப்பட்டேன், அப்பா என் கையைக் கடித்துவிட்டார்.

நீ கிளம்பின அன்றைக்கு, கதவுக்கிட்ட பெட்டியோடு நின்று அப்பாவைத் திரும்பிப் பார்த்தாயே. அவர் ரைட் என்றார். நீ இறங்கின பிறகும் வெகுநேரம் சொல்லிக்கொண்டே இருந்தார். அதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

போன ஞாயிற்றுக்கிழமை அவரைக் கீழே இறக்கினோம். நான், கீழ் வீட்டு அண்ணன், நம் தபால்காரர் மூன்று பேரும் நாற்காலியோடு தூக்கினோம். முப்பத்தெட்டு படி, நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்கினோம். பஸ் நிறுத்தம்வரை தள்ளிக்கொண்டு போனேன். ஒரு பஸ் வந்து நின்றது. அப்பா வலது காலை அழுத்திப் பிடித்துக்கொண்டார், அது கிளம்பும்வரை எடுக்கவில்லை. கண்ணெல்லாம் தண்ணீர். எனக்கும்தான். திரும்பி ஏற்றியதில் போனதுதான் என் முதுகு.

இப்போது எனக்குப் புரிகிறது அக்கா. ஒரு மணி நேரம் என்பது எவ்வளவு சின்னது. கடைக்குப் போய் நின்றால் காதில் அப்பா கூப்பிடுகிற மாதிரியே இருக்கிறது. இரண்டே மாதம்தான் ஆகிறது, சுவரெல்லாம் கிட்டே கிட்டே வருகிறது. அடுத்த மாதம் ஒரு வாரமாவது வந்து போகிறாயா? எப்போது வருவாய்?

ஒன்று கேட்கிறேன், பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. குழல் ஒற்றை என்று உனக்கு நான் முன்னாலேயே எழுதியிருந்தேன். அந்தக் கடைசிப் படத்தில் இரண்டாகப் போட்டது தவறிப்போயா?

அன்புத் தம்பி

*

செப்டம்பர் 5

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகம். காலில் புண் இல்லை, நீ சொன்னபடி உறை போட்டுக்கொள்கிறேன். அப்பாவைக் கீழே இறக்கியதைப் படித்துவிட்டு உன் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். இரண்டு வருடத்தில் எனக்குத் தோன்றாமல் போயிற்று பார். தபால்காரரிடம் வாய் திறந்து கேட்டிருக்கலாம். முதுகுக்கு வெந்நீர் ஒற்றடம் கொடு, கீழ் வீட்டு அக்காவிடம் தைலம் இருக்கும்.

தவறிப்போய் இல்லை. தெரிந்துதான் வரைந்தேன். நடுவில் ஆள் மாறக் கூடாது, ஒரே கை வேண்டும், அதனால் என்னால் நகர முடியவில்லை என்று எழுதினாயே, அந்த வரியை வாசித்தபோது அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். கரண்டி அப்படியே நின்றுவிட்டது. யார் கை என்று அப்போதுதான் புரிந்தது. மேடத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டிருக்கலாம். மூன்று தாள் எழுதிக் கிழித்தேன். தம்பியைக் காட்டிக்கொடுக்கிற கடிதம் எந்தத் தாளிலும் நன்றாக வரவில்லை. அதனால் பொய் எழுதாமல், புகாரும் எழுதாமல், நீ எனக்கு அனுப்பியதை உள்ளபடி வரைந்தேன். எனக்கு நீ அனுப்பியதற்கு வால் இரண்டுதான். அவர் கண்ணில் படாமல் அது அச்சாகியிருந்தால், அந்தப் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருந்திருப்பேன். பதினோரு நாளும் அதை வரைந்தது சந்தோஷத்தில் இல்லை.

இங்கே வந்த முதல் நாள் மேடம் என்னைக் குளக்கரைக்குக் கூட்டிப்போய், "அங்க ஒண்ணு இருக்கு, பாருங்க" என்றார். நாணல் தண்டுகள் மட்டும்தான் தெரிந்தன. அரை மணி நேரம் இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். அப்புறம் ஒரு தண்டு கை நீட்டியது. வால் ஒன்றுதான், நுனி தண்ணீரைத் தொட்டுக்கொண்டு. போன வாரம் வாய்க்கால் வற்றிக்கொண்டிருந்த இடத்தில் ஒருவன் தண்டேறி வெயிலில் உட்கார்ந்திருந்தான். அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இறக்கையைத் திறந்தான். முதுகு முழுக்கச் சிவப்பு தம்பி. ஸ்பிரிட் அதைத் தின்றுவிட்டிருந்தது, நீயும் எழுதவில்லை. எனக்குத் தெரியவே தெரியாது.

எப்போது வருவாய் என்று கேட்டிருக்கிறாய். அந்தக் கேள்வியை நான் எத்தனை தடவை எழுதினேன் என்று உனக்குத் தெரியும், அதனால் மழுப்பமாட்டேன். என் இரண்டு வருடம் முடிகிற நாள் ஜூன் முப்பது. மறுநாள் காலை வந்துவிடுவேன். ஒரு நாள் பிந்தமாட்டேன், ஒரு நாள் முந்தவும் மாட்டேன். நடுவில் ஒரு வாரம் முடியாது. கோபத்தில் சொல்லவில்லை. கோபம் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் இது அதனால் இல்லை. கடிதம் மட்டும் தவறாமல் போடுகிறேன். எனக்குப் பதில் வராமல் இருந்தபோது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும்.

அலமாரிக் கதவில் காலண்டர் தாளுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. இதோடு வரும் படத்தை அங்கே ஒட்டு, கதவைத் திறந்தால் அப்பா கண்ணில் படும். சிவப்பு முதுகோடு பறக்கிறவன். வலது மூலையில் எறும்பு இருக்கிறது, கத்தரிக்காதே.

உன் அக்கா